மனசு விட்டுப் பேசிய மறுநாள்: தனியாகக் கன்சல்டிங் செய்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர், நாமக்கல் என்று இந்தப் பக்கத்தில் தனியாக ஆலோசனைத் தொழில் செய்பவர்கள் இப்போது நிறையப் பேர். தர நிர்வாகம், ஏற்றுமதி ஆவணம், ஈஆர்பி (கணக்கு, ஸ்டாக், உற்பத்தி எல்லாவற்றையும் ஒரே இடத்தில் பார்க்கும் மென்பொருள்), பயிற்சி, தணிக்கைக்குத் தயார் செய்வது என்று ஒவ்வொருவருக்கும் ஒரு சோலி. நான் பின்னலாடை நிறுவனங்களுக்கும் ஃபவுண்டரிகளுக்கும் (உலோக வார்ப்பாலைகள்) அடக்கவிலைக் கணக்கும் உற்பத்தித் திட்டமும் பார்த்துக் கொடுக்கிறேன். புதிதாக இந்தத் தொழிலுக்கு வருபவர்கள் என்னிடம் வேலை நுணுக்கத்தைவிட அதிகமாகக் கேட்பது இதைத்தான்: "அக்கா, இன்னைக்கு ஓனர்கிட்ட மனசுல பட்டதச் சொல்லிப்போட்டேன். இப்ப வயித்தக் கலக்குது." அப்படி வந்த கேள்விகளும் நான் சொல்லும் பதில்களும் கீழே. நான் மனநல நிபுணர் இல்லை. தொழிலில் பார்த்ததையும், இதைப் பற்றி நடந்த ஆய்வுகளில் படித்ததையும் வைத்துச் சொல்கிறேன்.

மனசளவில் ரிஸ்க் எடுப்பது என்று எதைச் சொல்கிறீர்கள்?

பணத்தைப் பற்றிப் பேசவில்லை. ஒருவர் முகத்துக்கு நேரே ஒன்றைச் சொல்லிவிட்டு, அதை அவர் எப்படி எடுத்துக்கொள்வார் என்று தெரியாமல் நிற்கிறோமே, அந்த நிலையைச் சொல்கிறேன். பெரியவரிடம் "பர்ச்சேஸை உங்க பையன் பார்த்தா சரிவராதுங்க" என்பது. மாதக்கணக்கில் கிடக்கும் பில்லைக் கேட்பது. பழகிய அண்ணாவிடம் கட்டணத்தை ஏற்றுவது. தொழில் சங்கக் கூட்டத்தில் எழுந்து, நம் சொந்தத் தொழில் மூழ்கிய கதையைச் சொல்வது. சம்பளத்துக்கு வேலை பார்ப்பவருக்கும் இதெல்லாம் உண்டுதான். ஆனால் அவருக்கு முன்னால் ஒரு கம்பெனிப் பெயர் நிற்கிறது, அடி அதன் மேல் விழும். நமக்கு விசிட்டிங் கார்டில் நம் பெயரைத் தவிர வேறு எதுவும் இல்லை.

பேசும்போது தெளிவாகத்தான் இருந்தேன். ராத்திரி பதினொரு மணிக்கு மேல் "ஏன் சொல்லித் தொலைத்தேன்" என்று ஆரம்பிக்கிறது. ஏன்?

பேசும்போது உடம்பு முழு விழிப்பில் இருக்கிறது, அடுத்த வார்த்தையைத் தேடுவதற்கே நேரம் சரியாக இருக்கும். வீட்டுக்கு வந்து குளித்துச் சாப்பிட்டுப் படுத்த பிறகுதான் மனசு அந்தக் காட்சியை மறுபடி ஓட்டிப் பார்க்கிறது. ஓட்டும்போது நம் முகத்தை மட்டும் பெரிதாகக் காட்டுகிறது, எதிரே இருந்தவர் முகத்தைக் காட்டுவதில்லை.

இதைப் பற்றி 2000-இல் வெளிவந்த ஒரு ஆய்வு எனக்குப் பிடிக்கும். கார்னெல் பல்கலைக்கழகத்தின் தாமஸ் கிலோவிச்சும் கூட்டாளிகளும் செய்தது. ஒரு மாணவருக்குக் கூச்சப்பட வைக்கிற படம் போட்ட டி-ஷர்ட்டை மாட்டி, மற்றவர்கள் உட்கார்ந்திருந்த அறைக்குள் அனுப்பினார்கள். எத்தனை பேர் கவனித்திருப்பார்கள் என்று கேட்டதற்கு, கிட்டத்தட்டப் பாதிப் பேர் என்று போனவர்கள் நினைத்தார்கள். உண்மையில் கவனித்தவர்கள் கால்வாசிப் பேர்தான். நம் குரல் நடுங்கியதும் அப்படித்தான், நம் காதுக்குக் கேட்ட அளவுக்கு அடுத்தவர் காதுக்குக் கேட்டிருக்காது.

நம் தொழிலுக்கென்று இன்னொரு காரணமும் இருக்கிறது. ஆபீசில் வேலை செய்பவர் மறுநாள் காலையில் மேனேஜர் முகத்தைப் பார்த்துவிடுவார். "காபி சாப்பிட்டியா" என்று அவர் கேட்டால் விஷயம் முடிந்தது. நாம் மறுநாள் கரூரில் வேறொரு கம்பெனியில் இருப்போம். நேற்றைய ஓனரைப் பார்க்க இன்னும் பத்து நாள் ஆகும். அந்தப் பத்து நாளையும் நம் கற்பனைதான் நிரப்புகிறது.

அந்த ஓனரின் ராத்திரியையும் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். தீபாவளிக்கு ஊருக்குப் போன ஒடிசாப் பையன்கள் திரும்பி வந்தார்களா, நூல் விலை என்ன, கன்டெய்னர் கிளம்பியதா, இந்த மாதம் கரண்ட் பில் எவ்வளவு. 2011 ஜனவரியில் உயர்நீதிமன்ற உத்தரவால் திருப்பூரின் சாயப்பட்டறைகள் எல்லாம் ஒட்டுமொத்தமாக மூடப்பட்டதைப் பார்த்தவர்கள் இவர்கள். 2025 ஆகஸ்ட் கடைசியில் அமெரிக்கா வரியை ஐம்பது சதவீதமாக்கியபோது கையில் இருந்த ஆர்டரை வைத்துக்கொண்டு முழித்தவர்கள். நீங்கள் சொன்ன ஒரு வாக்கியத்துக்காக அவர்கள் தூக்கம் கெட வாய்ப்புக் குறைவு.

சொல்லி ஒரு வாரம் ஆகிறது. எந்தப் பதிலும் இல்லை. கோபமா?

இருக்கலாம். ஆனால் இந்த ஊரில் பேச்சில்லாததை மட்டும் வைத்துக் கோபம் என்று முடிவு கட்டினால் பெரும்பாலும் தப்பாகத்தான் போகும்.

இங்கே பெரும்பாலான கம்பெனிகள் குடும்பக் கம்பெனிகள். உங்கள் முன்னால் உட்கார்ந்திருப்பவர் ஒருவர்தான். முடிவெடுப்பவர்கள் நாலைந்து பேர். ஊரில் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் அப்பா, பக்கத்து ஷெட்டில் இருக்கும் தம்பி, பங்கு போட்டிருக்கும் மச்சான், ஆடிட்டர். பார்ட்னர்ஷிப் பத்திரத்தில் பெயர் இருக்கும் வீட்டம்மாவையும் விட்டுவிடாதீர்கள், பல இடங்களில் கடைசிச் சொல் அவருடையதுதான். நீங்கள் சொன்னது இத்தனை பேரையும் சுற்றி வரவேண்டும். நடுவில் ஒரு கல்யாணமோ நோம்பியோ வந்தால் இன்னும் ஒரு வாரம் தள்ளும்.

அதோடு, முகத்துக்கு நேரே "நீங்க சொன்னது சரி" என்று சொல்லும் பழக்கம் இங்கே குறைவு. முதல் தலைமுறை ஓனர்களிடம் சுத்தமாக இல்லை. "பாத்துக்கலாமுங்க" என்பார்கள். பிறகு ஒருநாள் நீங்கள் சொன்னதை அவர்களே கண்டுபிடித்த மாதிரி உங்களிடமே சொல்வார்கள். அப்போது முகத்தை நேராக வைத்துக்கொள்ளப் பழகிக்கொள்ளுங்கள், அதற்கும் சேர்த்துத்தான் கட்டணம்.

கோவையில் கணபதிப் பக்கம் ஒரு ஃபவுண்டரியில் நடந்ததைச் சொல்கிறேன். வார்ப்புகளைக் கிலோ கணக்கில்தான் விலை பேசுவார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால், அவர்கள் பெருமையாகச் சொல்லும் ஒரு பெரிய வாடிக்கையாளரின் இரண்டு பேட்டர்னிலும் (வார்ப்பு மாதிரி) கோர் (உள்ளே துளை விழ வைக்கும் மணல் உரு) அதிகம், ரிஜெக்‌ஷன் அதிகம், கிலோவுக்குக் கையிலிருந்து போய்க்கொண்டிருந்தது. அந்த வாடிக்கையாளரைப் பிடித்தது ஓனரின் அப்பா. அதையும் தெரிந்துகொண்டே சொன்னேன். அவர் டேபிளைப் பார்த்துக்கொண்டு "சரிங்க மேடம்" என்றார். அவ்வளவுதான். நாட்கள் ஓடின. அப்புறம் ஒருநாள் அவருடைய சூப்பர்வைசர் கூப்பிட்டு, "மேடம், அந்த ரெண்டு பேட்டர்னுக்கும் நீங்க போட்ட ரேட்டு என்னன்னு கேக்கச் சொன்னாருங்க" என்றார். பதில் அந்த வழியாகத்தான் வந்தது.

அதனால் பேச்சைப் பார்க்காதீர்கள், வேலை நடப்பதைப் பாருங்கள். தினசரி உற்பத்தி ஷீட் இன்னும் உங்களுக்கு வருகிறதா? அக்கவுன்டன்ட் கேட்டதை அனுப்புகிறாரா? ஃப்ளோரில் இருப்பவர்கள் சந்தேகத்துக்குக் கூப்பிடுகிறார்களா? இவை ஓடிக்கொண்டிருந்தால் நீங்கள் உள்ளேதான் இருக்கிறீர்கள். ஷீட் நின்றுபோய், காரணமும் சொல்லவில்லை என்றால் அப்போது யோசிக்கலாம். சாயம் ஏற்றிய துணியை ஈரத்தோடு பார்த்து ஷேடு சொல்ல மாட்டோம் இல்லையா, இதற்கும் காயும் நேரம் கொடுங்கள்.

விளக்கம் சொல்லி இன்னொரு மெசேஜ் அனுப்பிவிட்டால் மனசு லேசாகிவிடும் போல இருக்கிறது. அனுப்பலாமா?

வேண்டாம். இந்தப் பக்கத்திலேயே நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இதுதான். மனசு திறந்து பேசியதால் வேலை போனவர்களை நான் அதிகம் பார்க்கவில்லை. பேசியதை மறுநாள் மழுப்பியதால் மதிப்பு போனவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

அந்த மெசேஜ் எப்படி இருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். "சார், நேத்து கொஞ்சம் ஓவரா பேசிட்டேன்னு தோணுது. தப்பா எடுத்துக்காதீங்க. நான் சொன்னத விட்டுடுங்க." இதைப் படிப்பவர் நிலையிலிருந்து பாருங்கள். அவர் இரண்டு நாளாக உங்கள் பேச்சை மனசில் போட்டு உருட்டிக்கொண்டிருக்கிறார். கசப்பாக இருந்தாலும் ஏற்றுக்கொள்ளும் பக்கம் வந்துகொண்டிருக்கிறார். அந்த நேரத்தில் நீங்களே "விட்டுடுங்க" என்கிறீர்கள். அப்படியென்றால் நேற்று சொன்னது பொய்யா, இன்று சொல்வது பொய்யா? அடுத்த முறை நீங்கள் ஒரு நம்பரைச் சொன்னாலும், இதையும் நாளைக்கு மாற்றுவாரோ என்றுதான் நினைப்பார்.

அந்த மெசேஜ் அவருக்காக எழுதப்பட்டதும் இல்லை. நம் வயிற்றுக் கலக்கத்தை அவரிடம் இறக்கி வைக்கிறோம். அவர் "பரவால்லீங்க" என்று ஒரு வார்த்தை சொன்னால் நாம் தூங்கலாம். நம்மைத் தூங்கவைப்பது அவருடைய வேலை இல்லை.

இரண்டு இடத்தில் மட்டும் மறுபடி பேசலாம், பேசவும் வேண்டும். ஒன்று, நீங்கள் சொன்ன தகவலோ எண்ணோ தப்பு. அப்போது அதை மட்டும், எதிலிருந்து எதற்கு மாறுகிறது என்று ஒரு வரியில் திருத்துங்கள். மன்னிப்புப் புராணம் வேண்டாம். இன்னொன்று, சொன்ன இடம் தப்பு. சூப்பர்வைசர்கள் முன்னால் ஓனரையோ, மருமகன் முன்னால் மாமனாரையோ சங்கடப்படுத்திவிட்டீர்கள். அதற்கு போன் செய்யுங்கள், முடிந்தால் நேரில் போங்கள். "அத்தனை பேர் முன்னாடி சொல்லியிருக்கக் கூடாதுங்க, தனியாச் சொல்லியிருக்கணும்" என்று சொல்லிவிட்டு நிறுத்துங்கள். சொன்ன விஷயத்தைத் திரும்பப் பெறாதீர்கள்.

ராத்திரி கை பரபரத்தால் நோட்டில் எழுதுங்கள். 1980களில் ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்ற அமெரிக்க உளவியலாளர், மனசை அழுத்தும் விஷயத்தை நாலு நாள் தொடர்ந்து தினம் 15 நிமிடம் எழுதச் சொல்லிப் பார்த்தார். அப்படி எழுதிய மாணவர்கள் அடுத்த சில மாதங்களில் டாக்டரிடம் போனது குறைந்தது. அவர்கள் அதை யாருக்கும் அனுப்பவில்லை என்பதைக் கவனியுங்கள்.

ஓனருடைய மகனைப் பற்றி உண்மையைச் சொன்னேன். அது வரம்பு மீறலா?

எதைச் சொன்னீர்கள் என்பதைப் பொறுத்தது. "பையனுக்குப் பொறுப்பில்லை" என்றிருந்தால் மீறல்தான். அது அவர்கள் வீட்டுக்குள் அவர்களே பேசிக்கொள்ளும் பேச்சு. "போன சீசனில் நூல் மூன்று தடவை அவசர விலைக்கு வாங்கினோம், மூன்றும் ஆர்டர் ஷீட்டை லேட்டாகப் பார்த்ததால்" என்றிருந்தால் அது உங்கள் வேலை.

பெரியவர் கோபப்பட்டாலும் ஆச்சரியப்படாதீர்கள். அதே குறையை அவர் வீட்டில் தினமும் சொல்லிக்கொண்டிருப்பார், வெளியாள் வாயில் கேட்கத்தான் பிடிக்காது. இதில் நான் கடைப்பிடிப்பது, முதலில் மகனிடமே தனியாகச் சொல்வது. கோவையிலோ வெளிநாட்டிலோ படித்துவிட்டு வந்து, அப்பாவின் நிழலில் உட்கார்ந்திருக்கும் பையன்கள் பலர். அவர்களிடம் நேராகப் பேச ஆளில்லை. சொல்லிப் பாருங்கள், நாம் நினைத்ததைவிட நன்றாகக் கேட்டுக்கொள்வார்கள். அங்கே நடக்கவில்லை என்றால்தான் அப்பாவிடம் போகவேண்டும். அதையும் மகனிடம் சொல்லிவிட்டே போகவேண்டும்.

பில் பணம் கேட்டேன். கேட்ட பிறகு ஏதோ பிச்சை கேட்ட மாதிரி கூச்சமாக இருக்கிறது.

இந்தக் கூச்சத்துக்கு மருந்து பாதி மனசில், பாதி சட்டத்தில் இருக்கிறது. சட்டத்தை முதலில் பார்ப்போம்.

சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் தளத்தில் பதிவு செய்துகொள்ளுங்கள். தனியாளாக ஆலோசனைச் சேவை செய்பவரும் குறுந்தொழிலாகப் பதியலாம், கட்டணம் இல்லை. 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டப்படி, குறு அல்லது சிறு நிறுவனத்துக்குத் தரவேண்டிய பணத்தை எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதில் சொன்ன நாளுக்குள், எப்படியானாலும் 45 நாளுக்கு மேல் போகாமல், தரவேண்டும். ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு, மாதாமாதம் கூட்டுவட்டி. 2024-25 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து வருமான வரியிலும் ஒரு கொக்கி இருக்கிறது. இந்தக் கெடுவுக்குள் பணம் தராவிட்டால், அந்தச் செலவை வாங்கியவர் அந்த ஆண்டுக் கணக்கில் கழிக்க முடியாது, பணம் கொடுத்த ஆண்டில்தான் கழிக்கலாம். மார்ச் மாதம் அவர்கள் ஆடிட்டரே இதைக் கேட்பார்.

ஜிஎஸ்டி பதிவு இருந்தால் இன்னொரு எரிச்சல் சேரும். பில் போட்டவுடன் 18 சதவீத வரிக்கு நாம் பொறுப்பு. பணம் கைக்கு வந்ததா இல்லையா என்று யாரும் கேட்பதில்லை. வராத பணத்துக்கு வரி கட்டிக்கொண்டு, கேட்பதற்கும் கூச்சப்பட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பது என்ன நியாயம்?

சரி, சட்டம் பக்கத்தில் இருக்கட்டும். நான் எடுத்தவுடன் அதைக் காட்டிக் கேட்டதில்லை. கேட்கும் முறைதான் பாதி வேலையைச் செய்கிறது. சனிக்கிழமை கேட்காதீர்கள், திருப்பூரில் அன்று வாரச் சம்பளப் பட்டுவாடா, ஓனருக்கு எல்லோரும் கடன்காரர்களாகத் தெரிவார்கள். ஆயுத பூஜைக்கும் தீபாவளிக்கும் நடுவில் போனஸ் நெருக்கடி. வாரத்தின் நடுவில், முதலில் அக்கவுன்டன்டிடம், பில் எண்ணையும் தேதியையும் சொல்லிக் கேளுங்கள். "கொஞ்சம் முடையா இருக்குதுங்க, அதனாலதான்" என்று காரணம் சேர்க்காதீர்கள். முடை இல்லாவிட்டாலும் அது உங்கள் பணம்தான். காரணம் சொல்லிக் கேட்ட நாட்களில்தான் ராத்திரி அந்தக் கூச்சம் வருகிறது என்பதைக் கவனித்துப் பாருங்கள்.

கட்டணத்தை ஏற்றுவதற்கும் இதேதான். புது எண்ணைச் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். எதிரில் இருப்பவர் யோசிக்கும் அந்த அரை நிமிடம் தாங்காமல், அவர் கேட்காத தள்ளுபடியை நாமே அறிவிப்பதுதான் நம் ஆட்களின் பெரிய வியாதி.

கூட்டத்தில் என் சொந்த நஷ்டக் கதையைச் சொன்னேன். பேசும்போதே கண் கலங்கிவிட்டது. இனி என்னை யார் மதிப்பார்கள்?

2018-இல் ஜெர்மனியின் மன்ஹைம் பல்கலைக்கழகத்தில் அன்னா புருக் என்பவரும் உடன் இருந்தவர்களும் இதை ஆராய்ந்தார்கள். தவறை ஒப்புக்கொள்வது, உதவி கேட்பது, முதலில் அன்பைச் சொல்வது போன்றவற்றைத் தாம் செய்வதாக நினைத்தவர்களுக்கு அது பலவீனமாகத் தெரிந்தது. அடுத்தவர் செய்வதாக நினைத்தபோது அதுவே தைரியமாகத் தெரிந்தது. நீங்கள் அழுததை நீங்கள் உள்ளிருந்து பார்த்தீர்கள், கூட்டம் வெளியிலிருந்து பார்த்தது.

ஆனால் எல்லாவற்றையும் கொட்டலாம் என்று இதற்கு அர்த்தம் எடுத்துக்கொள்ளாதீர்கள். 1966-இல் எலியட் அரோன்சன் செய்த சோதனை ஒன்று இருக்கிறது. வினாடி வினாவில் நன்றாகப் பதில் சொன்ன ஒருவர் கடைசியில் காபியைக் கொட்டிக்கொள்வதை ஒலிப்பதிவில் கேட்டவர்களுக்கு அவரை இன்னும் பிடித்துப்போனது. சுமாராகப் பதில் சொன்னவர் அதே காபியைக் கொட்டியபோது இருந்த மதிப்பும் இறங்கியது. நம் தொழிலுக்கு இது அப்படியே பொருந்தும். இரண்டு வருடமாக உங்கள் வேலையைப் பார்த்தவர்களிடம் நஷ்டக் கதை உறவை இறுக்கும். முதல் மீட்டிங்கிலேயே சொன்னால், "இவரே தொழிலை விட்டவரு, நமக்கென்ன சொல்றது" என்றுதான் போகும். வேலை முதலில், கதை அப்புறம்.

இன்னொன்று, கதையில் மற்றவர்கள் வருவார்கள். ஏமாற்றிய பங்காளி, கடன் கொடுத்த மாமா. கோயமுத்தூர் பெரிய ஊர் மாதிரி தெரியும், ஆனால் தொழில் வட்டம் சின்னது. உங்கள் கண்ணீர் ஒரு வாரத்தில் மறந்துபோகும், பங்காளி பெயர் மறக்காது.

"எனக்குத் தெரியாது" என்று வாடிக்கையாளரிடம் சொல்லிவிட்டேன்.

நல்லது. எப்போது தெரிந்து சொல்வீர்கள் என்பதையும் சொன்னீர்களா? சொல்லவில்லை என்றால் இப்போது சொல்லிவிடுங்கள், அந்த நாளைத் தவறவிடாதீர்கள்.

நான் படித்துவிட்டு வந்தவன். அவர்கள் லேத்தில் நின்று மேலே வந்தவர்கள். "நீங்க எத்தனை மெஷின் ஓட்டியிருக்கீங்க?" என்று கேட்டுவிட்டார்கள். நான் ஏமாற்றுகிறேனோ என்று தோன்றுகிறது.

தகுதி இருந்தும் தன்னைப் போலி என்று நினைக்கும் மனநிலையை 1978-இல் பாலின் கிளான்ஸ், சூசான் ஐம்ஸ் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் விவரித்தார்கள். சாதித்த பெண்களிடம்தான் முதலில் பார்த்தார்கள். அது நோய் இல்லை.

ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்ட ஓனருக்கும் நியாயம் இருக்கிறது. கொங்குநாட்டில் கையில் எண்ணெய் படியாதவன் பேச்சுக்கு எடை குறைவுதான். தோட்டத்தில் இருந்து லேத்துக்கு வந்து, ஜாப் ஒர்க் எடுத்து, ஒரு ஷெட்டை நாலாக்கியவருக்கு நாம் யார் என்று கேட்க உரிமை இருக்கிறது. "ஓட்டினதில்லைங்க" என்று நேராகச் சொல்லுங்கள். பிறகு ஒரு முழு ஷிஃப்ட் அங்கேயே நில்லுங்கள். மோல்டிங்கில், வார்ப்பை மணலிலிருந்து தட்டி எடுக்கும் நாக்-அவுட்டில், செக்கிங் டேபிளில். ஏசி ரூமில் கேட்பதைவிட அங்கே மூன்று மடங்கு தெரிந்துகொள்வீர்கள். அங்கே நிற்கிறீர்கள் என்ற செய்தியும் ஓனருக்குப் போய்ச் சேரும்.

அவரிடம் இல்லாத ஒன்று உங்களிடம் இருக்கிறது. அவர் பார்த்தது ஒரு கம்பெனி, நீங்கள் பல கம்பெனி ஏறி இறங்கியவர். எங்கே ரிஜெக்‌ஷன் எந்தக் காரணத்தால் வருகிறது என்று ஒப்பிடத் தெரியும். அதற்குத்தான் கூப்பிட்டார். அதற்காகப் பக்கத்துக் கம்பெனியின் விலையை இங்கே அவிழ்க்கக் கூடாது, ஒருமுறை அவிழ்த்தால் இவர் ரகசியமும் வெளியே போகும் என்று அவருக்குப் புரிந்துவிடும்.

பெண் என்பதால் இது இன்னும் கூடுதலா?

கூடுதல்தான். ஆண் கன்சல்டன்ட் கடுமையாகப் பேசினால் "கறாரான ஆளு", நான் பேசினால் "அந்தம்மா கொஞ்சம் ஒரு மாதிரி". ஒரு ஓனர் "அம்மணி, அதெல்லாம் நாங்க பாத்துக்கறோம்" என்று பாசமாகவே சொல்வார், பேச்சு அங்கேயே நின்றுபோகும். பாசத்தைத் திருப்பிக் கொடுங்கள், பேச்சை விடாதீர்கள்: "சரிங்கண்ணா, இந்த ஒரு பக்கத்த மட்டும் பாத்துருங்க." தாளில் இருப்பதற்கு ஆண் பெண் கிடையாது என்பதால் நான் எப்போதும் ஒரு பக்கம் பிரின்ட் எடுத்துக்கொண்டுதான் போவேன். வீட்டுக்கு வந்து "இன்னும் மெதுவாகச் சொல்லியிருக்கலாமோ" என்று தோன்றினால், இதே வாக்கியத்தை ஒரு ஆண் சொல்லியிருந்தால் இப்படி யோசித்திருப்பாரா என்று ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

வாடிக்கையாளர் உறவுக்காரர். அடுத்த மாதம் கல்யாணத்தில் பார்க்கவேண்டும்.

பாருங்கள். பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுங்கள். தொழில் பேச்சை அங்கே எடுக்காதீர்கள், அவர் எடுத்தாலும் "திங்கக்கிழம வர்றேனுங்க மாமா" என்று நிறுத்துங்கள். ஒரம்பரை வட்டத்தில் வேலை எடுத்தால் எழுத்தில் ஒப்பந்தம் போடுவது எல்லோரையும்விட இவர்களிடம்தான் முக்கியம். முதலில் முகம் சுளிப்பார்கள், பின்னால் அது இருவரையும் காப்பாற்றும்.

உண்மையிலேயே நான் சொன்னது தப்பா, வெறும் பயமா என்று எப்படிப் பிரித்துப் பார்ப்பது?

சொன்ன வாக்கியத்தை, சொன்னபடியே எழுதுங்கள். நினைவில் இருக்கும் உணர்ச்சியை எழுதாதீர்கள். எழுதிய வாக்கியத்தில் தப்பான தகவல் இருக்கிறதா, சொல்ல உரிமையில்லாத ரகசியம் இருக்கிறதா, ஆளைத் தாக்கும் சொல் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதைச் சரிசெய்ய ஒரு செயல் இருக்கும், செய்துவிடலாம். ஒன்றும் இல்லாமல் "அவர் முகம் ஒரு மாதிரி ஆச்சு" என்பது மட்டும்தான் மிச்சம் என்றால் செய்வதற்கு எதுவும் இல்லை, காத்திருக்கவேண்டியதுதான்.

பிரிக்கத் தெரியாமல் குழம்பினால் இதே தொழிலில் இருக்கும் வேறு ஊர்க்காரர் ஒருவரிடம், கம்பெனிப் பெயரைச் சொல்லாமல், அந்த வாக்கியத்தைப் படித்துக் காட்டுங்கள். வீட்டில் சொல்லலாமா என்றும் கேட்கிறார்கள். சொல்லலாம், ஆனால் வீட்டில் இருப்பவர்கள் நம் பக்கம்தான் பேசுவார்கள், இல்லையென்றால் "பேசாம ஒரு வேலைக்குப் போ" என்பார்கள். இரண்டும் இந்தக் கேள்விக்குப் பதில் ஆகாது.

இது எப்போது சாதாரணச் சந்தேகத்தைத் தாண்டிப் போகிறது?

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம், சாப்பாடு கெட்டால், வாடிக்கையாளர் போனை எடுக்கவே முடியாமல் போனால், எதிலும் பிடிப்பு இல்லாமல் இருந்தால், டாக்டரைப் பாருங்கள். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416, இலவசம், எந்த நேரமும் தமிழில் பேசலாம். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் தலைகாட்டினால் இரண்டு வாரம் காத்திருக்காதீர்கள், அன்றைக்கே அழையுங்கள், வீட்டில் ஒருவரிடமும் சொல்லுங்கள். கடன் நெருக்கடியும் சேர்ந்திருக்கும் நேரத்தில் "இதெல்லாம் தொழிலில் சகஜம்" என்று தள்ளிப்போட வேண்டாம்.

கடைசியில் அந்த வேலை போயே போய்விட்டது. இப்போது?

போகத்தான் செய்யும், சில. மனசில் பட்டதைச் சொல்வதற்கு விலையே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். அந்த விலை வருமானத்தில் பெரிய பங்காக ஆகிவிடாமல் இருக்க, ஒரே வாடிக்கையாளரிடமிருந்து வரும் பணம் மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டவிடாதீர்கள் என்று புதிதாக வருபவர்களிடம் முதலிலேயே சொல்வேன். ஒருவரையே நம்பியிருக்கும்போது எந்த உண்மையும் வாயைத் தாண்டி வராது.

போன இடத்தை ஒழுங்காக முடியுங்கள். ஃபைல்களை ஒரு பென் டிரைவில் போட்டு, பாதியில் நிற்கும் வேலைகளை ஒரு பக்கத்தில் எழுதி, அக்கவுன்டன்டிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுங்கள். கடைசி பில்லை வேலை செய்த நாள்வரை கணக்கிட்டு அன்றே அனுப்புங்கள், கோபத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள். அவர்களுடைய வாட்ஸ்அப் குழுவிலிருந்து சொல்லிவிட்டு வெளியேறுங்கள். ஸ்டேட்டஸில் துரோகம், நன்றிகெட்ட உலகம் என்று எதுவும் போடவேண்டாம், அந்த ஓனரின் மச்சான் உங்கள் அடுத்த வாடிக்கையாளராக இருக்கலாம். பில் பணத்தில் டிடிஎஸ் வரி பிடித்திருந்தால் அது உங்கள் பான் எண்ணில் ஏறிவிட்டதா என்று, அந்தக் காலாண்டுக்கான டிடிஎஸ் ரிட்டர்னுக்குக் கடைசி நாள் முடிந்த பிறகு பார்த்துக்கொள்ளுங்கள், ஏறாவிட்டால் அதைக் கேட்க இன்னொரு போன் போடவேண்டியிருக்கும்.